பூக்காத மாதங்களில் இசபெல்லா

லண்டன்ல ரிச்மண்ட் பார்க்னா மான்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 2,500 ஏக்கர், அறுநூத்துச் சொச்சம் மான். அதுக்குள்ளேயே மான் நுழைய முடியாதபடி வேலி போட்ட 40 ஏக்கர் ஒண்ணு இருக்கு. இசபெல்லா பிளான்டேஷன். பேரைக் கேட்டு ஏதோ ராணின்னு நினைச்சுடாதீங்க. அந்தப் பக்கத்து மண்ணோட அழுக்கு மஞ்சள் நிறத்தைக் குறிக்கிற பழைய சொல்லுன்னுதான் சொல்றாங்க :-)

1831-ல் இதுக்கு வேலி போட்டவர் லார்டு சிட்மத். முன்னாள் பிரதமர், அப்போ பூங்காவைப் பார்த்துக்கிற பொறுப்பில் இருந்தவர். ஓக், பீச், செஸ்ட்நட் எல்லாம் நட்டது மரம் வெட்டி எடுக்கத்தான். பூவெல்லாம் 1950-களில் வந்த சமாச்சாரம். புதர் மாதிரி மண்டிக்கிடந்த ரோடோடென்ட்ரானை வெட்டி, 1953-ல் ஜனங்களுக்குத் திறந்து விட்டார்கள். அதனால இது பாத்தி கட்டின பூங்கா இல்லை. காட்டுக்குள்ளே தோட்டம். தலைக்கு மேல ஓக், அதோட அரை நிழலில் செடிகள்.

ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் போனீங்கன்னா கூட்டம் அள்ளும். அசேலியா! ஸ்டில் பாண்ட்னு ஒரு சின்னக் குளம். சுத்தி ரோஸ், ஊதா, சிவப்புன்னு கொட்டிக் கிடக்கும்; தண்ணிக்குள்ளே இன்னொரு தடவை பூத்திருக்கும். எர்னஸ்ட் வில்சன்னு ஒரு செடி வேட்டைக்காரர் 1918-ல் ஜப்பானின் குருமேக்குப் போய்ப் பொறுக்கியெடுத்த 50 ரகங்களோட தேசியத் தொகுப்பும் இங்கேதான். அழகுதான், மறுக்கலை. ஆனா எனக்கு அது கொஞ்சம் கல்யாண வீட்டு ஜரிகை மாதிரி. கண்ணு சீக்கிரம் அலுத்துடும்.

நான் இந்தத் தோட்டத்தை ஒழுங்காப் பார்த்தது அம்மா வந்த வருஷம். அப்பா போய் எட்டு மாசம் ஆகியிருந்தது. ஆறு மாசம் எங்களோட இருக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன். வந்தது அக்டோபர். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உக்காந்தாங்கன்னா சாயங்காலம் வரைக்கும் அதே இடம். டிவி வேணாம், கோயில் வேணாம். சரி, வாங்கம்மான்னு ஒரு ஞாயித்துக்கிழமை இங்கே கூட்டிட்டுப் போனேன்.

அன்னிக்கு மேப்பிள் எல்லாம் நெருப்பு மாதிரி சிவந்து நின்னுது. அம்மா அதைப் பெருசா கண்டுக்கலை. அசேலியாக் கிளையை வளைச்சுப் பார்த்துட்டு, "மொட்டு இருக்கேடா, எப்பப் பூக்கும்?"னாங்க. ஏப்ரல்ல. "அதுக்கு இப்பவேவா?" வெயில் காலம் முடியறதுக்குள்ளேயே அடுத்த வருஷப் பூவுக்கான மொட்டைக் கட்டிடும். பனி, உறைபனி எல்லாத்தையும் அப்படியே தாங்கிட்டு நிக்கும். எனக்கே அது அன்னிக்குத்தான் கண்ணுல பட்டுது.

அப்புறம் வாராவாரம் போனோம். டிசம்பர்ல, "என்னடா, எல்லாம் பட்டுப்போன மரமா நிக்குது"ன்னாங்க. ஜனவரியில் விட்ச் ஹேசல் பூத்தது. இலையே இல்லாத குச்சியில மஞ்சள் காகிதத்தை நார் நாராக் கிழிச்சு ஒட்டின மாதிரி ஒரு பூ, குளிர் காத்துல லேசா ஒரு வாசனை. ஓடைக்கரையில டாக்வுட் தண்டுகள் சிவப்பா நின்னுது. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல என்னோட பழைய ஜாக்கெட், தலையில குல்லாவோட அம்மா எனக்கு முன்னாடி நடந்தாங்க. சேத்துல வழுக்குதேன்னு கையைப் பிடிச்சா, உதறிட்டாங்க.

பிப்ரவரியில் கமேலியா. ரோஜா மாதிரியே இருக்கும்; முகர்ந்தா ஒண்ணும் வராது. "வாசனை இல்லாத பூ என்னடா பூ"ன்னு அம்மாவுக்கு ஏமாத்தம். ஆனா அது இதழ் இதழா உதிராம, முழுசா அப்படியே விழும். மரத்தடியெல்லாம் பூ. அதுல ஒண்ணை எடுத்து என் ஜாக்கெட் பாக்கெட்ல போட்டுக்கிட்டாங்க. இங்கே பூப் பறிக்கக் கூடாதும்மான்னேன். "விழுந்ததுதானே"ன்னாங்க. வீட்டுக்கு வந்து எவர்சில்வர் கிண்ணத்துல தண்ணி ஊத்தி, அப்பா படத்துக்கு முன்னாடி மிதக்க விட்டாங்க. அப்பா போனதுக்கு அப்புறம் அவங்க பூவைத் தொட்டு நான் பார்த்தது அன்னிக்குத்தான். பெண்டாட்டியும் நானும் ஒண்ணும் பேசிக்கலை.

மார்ச் கடைசியில் ஊருக்குக் கிளம்பிட்டாங்க. அசேலியா மொட்டு அப்போதான் வாய் திறக்க ஆரம்பிச்சிருந்தது. ஒரு மாசம் தங்கிட்டுப் போங்கன்னா, விசா விடாது.

நீங்க போறதா இருந்தா புரூம்ஃபீல்டு ஹில் கார் பார்க்கிங் பக்கம். நுழைவுக் கட்டணம் கிடையாது. மழைக்காலத்துல பழைய ஷூ போட்டுக்கோங்க. அசேலியா சமயம்னா காலையில சீக்கிரம் போயிடுங்க.

அந்த மே மாசம் ஸ்டில் பாண்ட் படங்களை அம்மாவுக்கு அனுப்பினேன். பார்த்துட்டு, "நல்லாருக்கு"ன்னாங்க. அப்புறம், "அந்த வாசனையில்லாத மரத்தடியில இப்ப என்ன இருக்கு?"ன்னு கேட்டாங்க. அதைப் படம் எடுக்கலை. அடுத்த ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தேன். பழுப்புச் சருகு, ஒரு அணில், கிளை நுனியில பளபளன்னு புதுத் தளிர். அனுப்பி வெச்சேன்.