கறுப்புத் தண்ணீர் ஊரில் ஒரு பியர் பாடம்

வானொலியில் வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது எங்களுக்குப் புதிதல்ல. போன மாதம் ஒரு காலை நிகழ்ச்சியில் குடிப்பழக்கம் பற்றி நேயர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஓர் அக்கா அழைத்து, "எல்லாரும் பியரக் கெடுதல், கெடுதல்னு சொல்றீங்க. அதுல அப்படி என்னதாம்மா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "பார்லித் தண்ணியப் புளிக்க வெச்சா பியர்க்கா, அவ்வளவுதான்" என்று சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

பாட்டு முடிவதற்குள் கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது.

"தப்பு. பார்லித் தண்ணி புளிச்சா நாத்தம்தான் வரும். ஒரு ஞாயித்துக்கிழம ஆயர் ஈத்தாம் வா. சொல்லித் தர்றேன்."

பெரியப்பா. சிங்கப்பூரில் ஒரு பியர் ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். முதலில் அலெக்சாண்டிரா சாலை, பிறகு ஆலை துவாசுக்கு மாறியபோது அங்கே. அவரைத் திருமணங்களிலும் சாவு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டு வாசலை மட்டும் மிதித்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாருமே மிதித்ததில்லை. தாத்தா குடித்துக் குடித்து ஈரல் கெட்டு இறந்தவர். அந்தச் சாவு நடந்து இரண்டு வருடத்தில் மூத்த மகன் போய் பியர் ஆலையில் சேர்ந்தார் என்றால் தம்பிக்கு எப்படி இருந்திருக்கும்? அப்பா அன்றோடு அவர் வீட்டில் கை நனைப்பதை நிறுத்திக்கொண்டார்.

"ஆயர் ஈத்தாம் போறேன்" என்று நான் சொன்னபோது அப்பா நாளிதழைத் திருப்பிக்கொண்டே, "பாத்து ஓட்டு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கோலாலம்பூரிலிருந்து தெற்கே மூன்று மணி நேரம். ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர். வடக்கு தெற்காக ஓடும் பழைய முதலாம் எண் சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் ஐம்பதாம் எண் சாலையும் இங்கேதான் குறுக்கே சந்திக்கின்றன. நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு சிங்கப்பூர் போகிற பேருந்துகள் இங்கே நின்று, பயணிகள் இறங்கி, பசியாறிவிட்டுப் போவார்கள். இன்றைக்கும் சாலையோரம் வரிசையாகப் பூச்சாடிகள், பீங்கான் யானைகள், ஆளுயர ஜாடிகள். பாதிக் கடைகளில் தூசியும் பொருளோடு சேர்த்தே விற்கப்படுகிறது. இருந்தாலும் எனக்குப் பிடித்த ஊர் இது. அப்பா பிறந்த தோட்டம் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது ரப்பர் போய் செம்பனை நிற்கிறது. லயன்களும் இல்லை.

பெரியப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "வாம்மா. மொதல்ல சாப்பிடு, பாடம் அப்புறம்" என்றார். பெரியம்மா இட்டிலி வைத்தார். நான் சாப்பிடுவதை இருவரும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் மூன்று பொருள்களை எடுத்து வைத்திருந்தார். ஒரு கிண்ணத்தில் முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு. பேத்திக்குக் கஞ்சி காய்ச்ச பெரியம்மா செய்தது. ஒரு டப்பாவில் காலையில் சாலையோரக் கடையில் வாங்கிய தாப்பாய். ஒரு சிறிய மார்மைட் போத்தல். பியர் மட்டும் இல்லை. வீட்டில் காய்ச்சிக் காட்டுவாரோ என்று நான் பயந்தது வீண். "உரிமம் இல்லாம காய்ச்சினா கேஸு" என்று சிரித்தார்.

"உங்க தாத்தா குடிச்ச கள்ளுக்குப் பாடமே வேணாம்" என்று தொடங்கினார். தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவிவிட்டால் சாறு சொட்டும். அது சொட்டும்போதே இனிப்பு. கலயத்திலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட் உடனே அதைத் தின்னத் தொடங்கிவிடும். காலையில் இறக்கினால் மாலைக்குள் போதை ஏறிவிடும். மறுநாள் விட்டுவைத்தால் காடிதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிப்பது நின்று பதநீராகக் கிடைக்கும். மரமே சர்க்கரையைக் கையில் கொடுத்துவிடுவதால் மனிதனுக்குப் பெரிய வேலை இல்லை.

தானியத்தின் கதை வேறு. பார்லியில் இருப்பது மாவு. ஈஸ்டுக்கு மாவைத் தின்னத் தெரியாது. அதனால்தான் நான் வானொலியில் சொன்னது தப்பு. யாராவது அந்த மாவுக்குள் பூட்டிக் கிடக்கிற சர்க்கரையைத் திறந்துவிட வேண்டும்.

"சாவி யார்கிட்ட இருக்குன்னு நெனைக்கிற?"

எனக்குத் தெரியவில்லை. கேழ்வரகில் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மென்றேன். இலேசாகத் தித்தித்தது.

விதையிடமேதான் சாவி இருக்கிறது. முளைக்கப் போகிற விதை, தன் குருத்துக்குச் சாப்பாடு வேண்டும் என்பதால் மாவைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகளை உண்டாக்குகிறது. பியருக்கு பார்லியை இரண்டு நாள் விட்டு விட்டு ஊறவைப்பார்கள். பிறகு நான்கைந்து நாள் முளைக்க விடுவார்கள். குருத்து சர்க்கரையைத் தின்று தீர்ப்பதற்குள் சூட்டில் காயவைத்து நிறுத்திவிடுவார்கள். அதுதான் மால்ட். இலேசாகக் காயவைத்தால் வெளிர்மஞ்சள் பியர். கின்னஸ் கறுப்பாக இருப்பது காப்பிக்கொட்டை போல் வறுத்த பார்லியால். முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி நீர்த்துப்போய் குழந்தைக்கு எளிதாக இறங்குவதும் இதே நொதியின் வேலைதான். நம் பாட்டிகள் மால்ட் என்ற பெயர் தெரியாமலே அதைச் செய்திருக்கிறார்கள். கடையில் பார்லித் தண்ணிக்கு விற்கும் வெள்ளைப் பார்லி முளைக்காது. அதைத் தீட்டித் தேய்த்திருப்பார்கள்.

ஆலையில் பெரியப்பாவின் இடம் பெரிய பாத்திரங்களின் பக்கம். உடைத்த மால்ட்டை வெந்நீரில் கலந்து ஏறக்குறைய 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். அங்கேதான் மாவு முழுக்க இனிப்பாக மாறுகிறது. சூடு கூடிவிட்டால் நொதி செத்துவிடும். குறைந்தால் சோம்பேறியாகிவிடும். "மொத வருஷம் முழுக்க நான் அந்தத் தெர்மாமீட்டரதான் பாத்துக்கிட்டு நின்னேன். சாமி சிலைய அப்படிப் பாத்திருந்தா மோட்சம் கெடச்சிருக்கும்."

வடிகட்டிய இனிப்புச் சாற்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்து ஹாப்ஸ் போடுவார்கள். இது ஒரு கொடியின் பூ. கசப்புக்கும் மணத்துக்கும் மட்டுமல்ல, கெடாமல் காக்கவும். நம் நாட்டில் விளையாது, ஜெர்மனி, அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளிலிருந்துதான் வர வேண்டும். பிறகு சாற்றைச் சட்டென்று ஆறவைத்து ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று போதையையும் வாயுவையும் விடும். நம் ஊரில் அதிகம் விற்பது லாகர் வகை. அதற்கு ஏறத்தாழ பத்து டிகிரிக் குளிர் வேண்டும். பிறகு இன்னும் குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். வெயில் கொளுத்தும் மலாயாவில் குளிரூட்டும் இயந்திரம் இல்லாமல் இது நடக்கவே நடக்காது. ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் ஹைனெகனும் சேர்ந்து தொடங்கிய ஆலை, 1932இல் சிங்கப்பூரில் டைகர் பியரைக் கொண்டுவந்தது. அதுவரை பியர் பெரும்பாலும் கப்பலில்தான் வந்தது.

1516இல் ஜெர்மனியின் பவேரியாவில் பியர் என்றால் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் மட்டும்தான் என்று சட்டம் போட்டார்கள். அதில் ஈஸ்ட் பெயர் இல்லை. அப்படி ஓர் உயிர் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் ஒரே ஓர் ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வித்து வளர்க்கக் கற்றார். நம் ஷா ஆலாமில் ஆலை வைத்திருக்கும் அதே கார்ல்ஸ்பெர்க்தான். திருமண விருந்துகளில் மேசைக்கு மேசை பச்சை போத்தலாக நிற்பதன் பின்னால் இவ்வளவு கதை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

தாப்பாய் டப்பாவைத் திறந்தார். வேகவைத்த புளுட் அரிசியில் ராகி தூவி மூடி வைப்பது. சின்ன வயதில் மலாய்த் தோழியின் அம்மா ராகி என்றபோது கேழ்வரகு என்றே நினைத்திருந்தேன். அவர்கள் ராகி என்பது அரிசிமாவில் பூஞ்சையும் ஈஸ்டும் சேர்த்துத் தட்டிய வெள்ளை வில்லை. பூஞ்சை சோற்றை இனிப்பாக்கும், ஈஸ்ட் அந்த இனிப்பில் கொஞ்சத்தைப் போதையாக்கும். பார்லி தன் முளையால் செய்வதை இங்கே பூஞ்சை செய்கிறது. சில இடங்களில் இதை ரப்பர் இலையில் மடித்து வைப்பார்கள். நம்மவர்கள் பால் வெட்டிய மரத்தின் இலை.

"அப்ப மார்மைட் எதுக்கு?" என்றேன்.

பியர் ஆனபிறகு பாத்திரத்தின் அடியில் ஈஸ்ட் மண்டியாக நிற்கும். அதிலிருந்து எடுக்கும் சாறுதான் மார்மைட். இங்கிலாந்தில் பியருக்குப் பேர்போன பர்ட்டன் நகரில் 1902இல் தொடங்கியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கள், பியர் என்ற சொல்லே வீட்டில் கேட்கக்கூடாது என்றிருந்த எங்கள் பாட்டி, காய்ச்சல் வந்தால் எங்களுக்குக் கொடுத்தது மார்மைட் கலந்த கஞ்சி. "எனக்குத் தெரியும். அம்மாட்ட சொன்னதில்ல" என்றார் பெரியப்பா.

சிரிப்பு அடங்கியதும் தாத்தாவைப் பற்றிக் கேட்டேன்.

சம்பள நாளன்று பாட்டி இரண்டு பிள்ளைகளையும் கள்ளுக்கடைக்குப் போகிற பாதையில் நிறுத்துவாராம். அப்பா வந்தால் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரியப்பா இடது கால், என் அப்பா வலது கால். சில மாதம் அது பலித்தது. பல மாதம் இல்லை. பல தோட்டங்களில் கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்தியது. ஒரு கையால் கொடுத்த சம்பளத்தை மறுகையால் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. 1947இல் கெடாவில் ஹார்வார்ட் தோட்டத்து ஏ.எம். சாமியும் தொண்டர் படையும் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியலில் இறங்கியபோது போலீஸ் வந்தது, அடியும் கைதும் உயிர்ச்சேதமும் நடந்தன. கள்ளை எதிர்த்ததற்காக அடிபட்ட கூட்டம் நம்முடையது. குடிகாரச் சமூகம் என்று நம்மை ஏளனமாகப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை. நமக்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்தது. தாத்தாவை முடித்தது அதுதான் என்கிறார் பெரியப்பா. 2018இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்த செய்தியை நானே நிலையத்தில் வாசித்திருக்கிறேன்.

"இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் பெரியப்பா அந்த வேலைக்குப் போனீங்க?"

அவர் மார்மைட் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

"பால்வெட்டுச் சம்பளத்துல ஒங்கப்பா ஆறாம் படிவம் படிச்சிருக்க முடியுமா? சனிக்கிழம ராத்திரி பஸ்ஸுல வந்து, ஒங்க பாட்டி கையில காசக் குடுத்துட்டு, ஞாயித்துக்கிழம சாயங்காலம் திரும்பிப் போனாரு. பதினோரு வருஷம்."

"சரி, விடு" என்றார் பெரியப்பா.

நான் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோயிருந்தேன். மேசைமேல்தான் இருந்தது. அதை இயக்கவே மறந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்!

மாலை கிளம்பும்போது ஒரு டப்பா தாப்பாயைக் கையில் திணித்தார்கள். ஊர் எல்லையில் நிறுத்தி ஊறுகாய் போட ஒரு பழுப்பு ஜாடியும் வாங்கினேன். பேரம் பேசி ஏழு வெள்ளி குறைத்தேன்.

வீடு சேர இரவாகிவிட்டது. அப்பா தூங்காமல் இருந்தார். தாப்பாய் அவருக்கு மிகவும் பிடிக்கும். இத்தனை வருடமாக அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே சாப்பிட்டு வருகிறார். நான் வாயைத் திறக்கவில்லை. கரண்டியால் எடுத்து இரண்டு வாய் சாப்பிட்டார்.

"பெரியம்மா பழைய கதை ஒண்ணு சொன்னாங்கப்பா. சனிக்கிழம பஸ்ஸு..."

"தெரியும்" என்றார்.

இன்னொரு கரண்டி எடுத்தார். சற்று நேரம் கழித்து, டப்பாவைப் பார்த்தபடியே கேட்டார்:

"அண்ணன் இன்னும் காலையில பழைய சோத்துத் தண்ணிதான் குடிக்கிறாரா?"