தலைமாட்டில் ஒருவர்

அமெரிக்க மருத்துவமனைகள் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தேன். 'நர்ஸ் அனஸ்தடிஸ்ட்' என்று வந்த இடத்தில் யோசிக்காமல் 'மயக்க மருந்து உதவியாளர்' என்று எழுதிவிட்டேன். மேலே படித்தபோதுதான் தவறு புரிந்தது. நோயாளியை முன்கூட்டியே பரிசோதிப்பது, மருந்தின் அளவைக் கணக்கிட்டுச் செலுத்துவது, மூச்சுக் குழாய் பொருத்துவது, நினைவு திரும்பும்வரை தலைமாட்டில் நிற்பது எல்லாமே அந்த நர்ஸ்தான்.

இது நேற்று முளைத்த ஏற்பாடல்ல. மினசோட்டாவில் மேயோ சகோதரர்களிடம் பணியாற்றிய நர்ஸ் ஆலிஸ் மகாவ், ஈதரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதில் கைதேர்ந்தவர். 14,000க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில் மயக்க மருந்தால் ஒரு மரணம்கூட நேரவில்லை என்று 1906இல் எழுதினார். டாக்டர்கள் சிலர் நர்ஸ்களை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சர்ஜனின் உத்தரவின்பேரில் நர்ஸ் மயக்க மருந்து கொடுப்பது சட்டவிரோதமல்ல என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1936இல் தீர்ப்பளித்தது. டாக்டரின் மேற்பார்வை கட்டாயம் என்ற மெடிகேர் விதியிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ள 2001இல் வழி பிறந்தது. முதலில் விலகியது ஐயோவா.

இதை எழுதும்போது அக்காவின் ஞாபகம் வந்தது. சின்ன ஊர் ஆஸ்பத்திரி, நள்ளிரவு. சிசேரியன் செய்ய டாக்டர் இருந்தார். மயக்க மருந்து கொடுக்கத்தான் ஆளில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார்கள். கூடவே வந்த நர்ஸ் வழியெல்லாம் அக்காவின் நாடியைப் பிடித்தபடி இருந்தார். அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

இந்தியாவில் நர்ஸ்களுக்கு இந்தப் பொறுப்பு இல்லை. கிராமப்புறப் பற்றாக்குறைக்கு அரசு கண்ட வழி, எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரப் பயிற்சி. மயக்கவியல் நிபுணரான நண்பரிடம் பேசினேன். "எல்லாம் ஒழுங்காகப் போகும்வரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இதயம் தடுமாறும்போதுதான் படிப்பின் அருமை தெரியும்" என்றார். நியாயமான பயம். அமெரிக்காவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ்களையே இந்தப் படிப்பில் சேர்க்கிறார்கள். 2022 முதல் புதிதாகச் சேருபவர்களுக்கு முனைவர் நிலைப் படிப்பு கட்டாயம். ஆனால் அக்கா படுத்திருந்த அந்த இரவில் நிபுணரும் இல்லை, பயிற்சி பெற்ற நர்ஸும் இல்லை.

'உதவியாளர்' என்பதை அடித்துவிட்டு 'மயக்க மருந்துச் செவிலியர்' என்று திருத்தினேன். அக்காவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள் கேட்டாள்: "அன்னிக்கு கூட வந்த நர்ஸம்மாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தா, அவங்களே கொடுத்திருப்பாங்க இல்ல?"