தொடு தூரம்

2ஹெச்பிஎஸ் என்ற கோப்பைத் திறந்தால் கண்ணில் படுவது வெறும் எண்கள். வரிக்கு ஓர் அணு. அணுவின் பெயர், அது எந்த அமினோ அமிலத்தைச் சேர்ந்தது, எந்தச் சங்கிலியில் எத்தனையாவது இடம், பிறகு எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று ஆயத்தொலைவுகள். இப்படி ஆயிரக்கணக்கான வரிகள். அரிவாள் செல் நோயில் உண்டாகும் ஹீமோகுளோபினைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சிக் கண்டறிந்து, 1997இல் வெளியான கட்டமைப்பு அது. புரோட்டீன் டேட்டா பேங்க்கில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 1971இல் ஏழே ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கிய களஞ்சியத்தில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டன.

இந்த எண்களிலிருந்து எந்த அமினோ அமிலம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கணக்கெடுப்பவர்களைப் பார்க்கத்தான் சென்னையில் உள்ள ஓர் ஆய்வகத்துக்குப் போனேன். சோதனைக் குழாய் ஒன்றுகூட இல்லை. மேசைகள், கணினிகள், சுவரில் வெள்ளைப் பலகை. முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவி ஒருவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க சார். பார்க்க ஒண்ணும் பெருசா இருக்காது. ஆனா ஒவ்வொரு இடத்துலயும் ஏன் நிக்கிறேன்னு கேளுங்க, சொல்றேன்."

அவர் நின்ற முதல் இடம், தூரம். எவ்வளவு நெருங்கினால் தொடுகை?

இங்கே அளவுகோல் ஆங்ஸ்ட்ராம். மில்லிமீட்டரைக் கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு. இரண்டு கந்தக அணுக்கள் பிணைந்த டைசல்பைடு பாலம் என்றால் இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்றே கூடுதல். அதில் வாதத்துக்கு இடமில்லை. ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் கொடுக்கும் அணுவுக்கும் வாங்கும் அணுவுக்கும் நடுவே மூன்றரைக்குள். எதிரெதிர் மின்சுமை கொண்ட இரண்டு பக்கக்கிளைகள் நாலுக்குள் வந்தால் உப்புப் பாலம். பிணைப்பு என்று சொல்ல முடியாத, ஆனால் புரதத்தை உண்மையில் கட்டி வைத்திருக்கிற எண்ணெய்த்தன்மை கொண்ட நெருக்கங்கள்தாம் சிக்கல். சிலர் ஹைட்ரஜன் நீங்கலான எந்த இரு அணுக்களும் நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்கிறார்கள். சிலர் அமினோ அமிலத்துக்கு ஓர் அணு என்று வைத்துக்கொண்டு, பீட்டா கார்பன்களுக்கு இடையே எட்டு ஆங்ஸ்ட்ராம் என்கிறார்கள். கிளைசினுக்குப் பீட்டா கார்பனே கிடையாது என்பதால் அதற்கு மட்டும் ஆல்ஃபா கார்பன்.

எட்டு என்று போட்டு ஒருமுறை ஓட்டிக் காட்டினார், நாலரை என்று போட்டு இன்னொரு முறை. ஒரே புரதம், இரண்டு பட்டியல்கள். முதல் பட்டியலில் இருந்த பல ஜோடிகள் இரண்டாவதில் இல்லை. திரையில் போய்ப் பார்த்தால் அவற்றில் சில, பக்கக்கிளைகளை ஆளுக்கொரு திசையில் நீட்டிக்கொண்டு, ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லாமல் நின்றன. சல்லடைக் கண் பெரிதானால் கல்லும் சேர்ந்துதான் விழும். "அப்ப சின்னதா வச்சுக்கலாமே?" என்றேன். "வச்சா நிஜமானதும் போயிடும் சார். படிகத்துல அணு இருக்கிற இடமே கொஞ்சம் முன்ன பின்னதான். நாலரைக்கும் நாலு புள்ளி ஆறுக்கும் நடுவுல இயற்கை கோடு போட்டு வைக்கல."

இந்த வேலையின் மொத்தக் கஷ்டமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சென்னைக்கு இது புதிய கேள்வியும் அல்ல. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மூன்று இழைச் சுருள் அமைப்பை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஆட்சேபம் எழுப்பினார்கள்: இந்த அமைப்பில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கிவிட்டன என்று. அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்? அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட பதில் எவரிடமும் இல்லை. ராமச்சந்திரனின் குழு அதுவரை வெளியாகியிருந்த படிகக் கட்டமைப்புகளில் அணுக்கள் எந்த அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்று தேடித் தொகுத்தது. அணு ஜோடிக்கு இரண்டு எல்லைகள் வகுத்தார்கள். சாதாரண எல்லை ஒன்று, அதற்கும் கீழே கடைசி எல்லை ஒன்று. கார்பனுக்கும் கார்பனுக்கும் 3.2, கடைசி எல்லை 3.0. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, கடைசி எல்லை 1.9. அந்த அட்டவணையை வைத்துத்தான் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963இல் ராமச்சந்திரன், புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று காட்டும் புகழ்பெற்ற வரைபடத்தை வெளியிட்டார். வரைபடம் உலகின் ஒவ்வொரு உயிர்வேதியியல் பாடநூலிலும் ஏறியது. அட்டவணையைப் பற்றிப் பேசுவோர் குறைவு; எனக்கோ அட்டவணையே பெரிய சாதனையாகத் தெரிகிறது. வரைபடம் அதிலிருந்து விளைந்தது. இயற்கை கோடு போடாத இடத்தில், கோடு எதனால் இங்கே விழுகிறது என்று ஆதாரத்தோடு சொன்னார்கள். ஒன்றுக்கு இரண்டாகக் கோடு போட்டுத் தயக்கத்தையும் எண்ணாக எழுதி வைத்தார்கள்.

இந்தக் கேள்விக்குத் திருச்சியிலும் ஒரு கிளை உண்டு. 1978இல் மணவாளனும் பொன்னுசாமியும் ஒவ்வோர் அமினோ அமிலத்தைச் சுற்றியும் எட்டு ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் ஒரு கோளம் வரைந்து, அதற்குள் வரும் அண்டை அமிலங்களின் நீர்வெறுப்பைக் கூட்டிப் பார்த்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தனியே எடுத்த அமிலத்தின் குணம் வேறு, சூழ நிற்பவற்றோடு சேர்த்துப் பார்த்த குணம் வேறு என்பது அவர்கள் கண்டது.

மாணவி அடுத்து நின்ற இடங்கள் எனக்கு எதிர்பாராதவை. எக்ஸ்ரேயில் ஹைட்ரஜன் பெரும்பாலும் தெரிவதில்லை. கணக்குப் போட்டு நாம்தான் பொருத்த வேண்டும். அஸ்பராஜின், குளூட்டமின் இரண்டின் நுனியிலும் ஒரு நைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் இருக்கின்றன. எலெக்ட்ரான் அடர்த்தியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கட்டமைப்பைத் தீர்த்தவர் இடம் மாற்றி வைத்திருக்கலாம். மாறியிருந்தால் ஹைட்ரஜனைக் கொடுக்க வேண்டிய அணு வாங்குகிற அணுவாகிவிடும். இல்லாத விலக்கம் தெரியும், இருக்கிற பிணைப்பு மறையும். இதற்கென்று மென்பொருள்கள் உண்டு. அவை திருப்பச் சொன்ன இடங்களையும் அவர் ஒவ்வொன்றாகத் திரையில் சுழற்றி, சுற்றி இருப்பவை யார் யார் என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். சில பக்கக்கிளைகளுக்குக் கோப்பிலேயே இரண்டு நிலைகள் எழுதப்பட்டிருக்கும். சில வளைவுகள் ஆடிக்கொண்டே இருந்ததால் கோப்பில் இடம்பெற்றே இருக்காது. இல்லாத அமிலத்துக்குத் தொடுகை இல்லை என்று நிரல் எழுதிவிடும். "அது பொய் சார். தெரியாதுன்னுதான் எழுதணும்" என்றார். அவருடைய விரிதாளில் தூரத்துக்குப் பக்கத்தில் 'கண்ணால் பார்த்தது' என்று ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தியை நிரப்பத்தான் வேலை நேரத்தின் பெரும்பகுதி போகிறது. கட்டுரையாக வெளியாகும்போது அது ஒற்றை வரியாகக்கூட வராது. இப்படிப்பட்ட உழைப்புக்குப் பெயர் கிடைப்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

பிறகு 2ஹெச்பிஎஸ்ஸுக்கு வந்தோம்.

ஹீமோகுளோபினில் 141 அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சங்கிலிகள் இரண்டு, 146 கொண்ட பீட்டா சங்கிலிகள் இரண்டு. அரிவாள் செல் நோயில் பீட்டாவின் ஆறாம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருகிறது. மின்சுமை கொண்ட ஒன்று போய், எண்ணெய்த்தன்மை கொண்ட ஒன்று மேற்பரப்பில் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒரே மூலக்கூறுக்குள் மட்டும் தொடுகை தேடினால் இதன் விபரீதம் அகப்படாது. படிகத்தில் பக்கத்தில் நிற்கும் மூலக்கூறுகளையும் சமச்சீர் விதிப்படி எழுப்பி நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர் எழுப்பினார். ஒரு மூலக்கூறின் வேலின், அடுத்த மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 85ஆம் இடத்து பினைல்அலனினும் 88ஆம் இடத்து லூசினும் அமைத்த குழிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில்தான் இந்தக் குழி வேலினை ஏற்கும் வடிவம் கொள்கிறது. இப்படி ஒன்றை ஒன்று பிடித்துப் பிடித்து இழையாகி, பதினாலு இழைகள் முறுக்கேறிய கயிறாகி, சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன.

மூலக்கூறுக்கு இரண்டு பீட்டா சங்கிலிகள், ஆகவே இரண்டு வேலின்கள். ஆனால் இந்தப் பக்கவாட்டுப் பிடியில் சேர்வது ஒன்றுதான். அதே இடத்தில் 73ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம் அண்டை மூலக்கூறின் நாலாம் இடத்து திரியோனினோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறது. அந்த 73 மாறியிருக்கும் ஹீமோகுளோபின் கோர்லெ-பூ, இழை உருவாவதைத் தடுக்கும். பட்டியலில் இருக்கும் ஒரு ஜோடிக்கு உயிர் உண்டா இல்லையா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இந்த நோய் நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. இந்தியாவில் அரிவாள் செல் தன்மை முதலில் பதிவானதே 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம், லேமனும் கட்புஷும் செய்த ஆய்வில்தான். கூடலூர்ப் பக்கத்தில் பணியர் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது.

மாணவியின் நெறியாளர் மாலையில் வந்தார். "மேடம், 87 காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு மாணவி குழியின் விளிம்புக்குத் திரையை நகர்த்தினார். 85க்கும் 88க்கும் நடுவே 87இல் ஒரு திரியோனின். அதைக் குளூட்டமினாக மாற்றினால் பிடி குலைகிறது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிஃப்ஜீனியா என்ற மரபணு சிகிச்சை நோயாளியின் செல்களில் சேர்ப்பது இந்த ஓரிடம் மாற்றிய பீட்டா மரபணுவைத்தான். அதன் விலை 31 லட்சம் டாலர். பணியர் வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாது என்பதை நெறியாளர் அம்மா தானே சொன்னார், கோபத்தோடு சொன்னார். பிறகு எழுந்து பலகையில் மூன்று சங்கிலிகளின் வரிசையை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார்: இயல்பான பீட்டா, நோயுற்ற பீட்டா, கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் உள்ள காமா. நம் ஊரில் நோயாளிகளுக்குத் தரும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை இந்தக் குழந்தை ஹீமோகுளோபினை உடம்பில் கூட்டுகிறது. அது கூடக் கூட இழை சேர்வது குறைகிறது. ஏன் குறைகிறது என்பதற்கு ஒரு முக்கியக் காரணம் மூன்றாவது வரியிலேயே இருந்தது. காமா சங்கிலியின் 87ஆம் இடத்தில் பிறப்பிலேயே குளூட்டமின்தான்.