அப்பா அம்மாவுக்கு எந்த விமானம்?

மகனோ மகளோ "டிக்கெட் போட்டாச்சு" என்று வெளிநாட்டிலிருந்து சொன்னதும், என் வயதுக்காரர்கள் பலர் கேட்பது, "பழைய விமானமா, புதுசா?" என்றுதான். பயம் நியாயமானது. ஆனால் விமானத்துக்கு ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்றழுத்தம் கூடிக் குறைவதில் உலோக உடல் களைக்கிறது. 1988இல் ஹவாயில் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை நடுவானில் பிய்ந்துபோனது. அதற்கு வயது 19. குட்டிக் குட்டித் தூரமாகப் பறந்தே 89,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருந்தது. அதன்பின் பழைய விமானங்களுக்கான சோதனைகள் கடுமையாயின. ஒழுங்காகப் பராமரிக்கும் நிறுவனம் என்றால் இருபது வயது விமானத்திலும் தைரியமாக ஏறலாம்.

புது விமானத்தின் பலன் வேறு. பழைய உலோக விமானத்துக்குள் காற்று 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் மெலிந்திருக்கலாம். ஊட்டியே அதைவிடத் தாழ்வு. கார்பன் இழை உடல் கொண்ட போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் அது சுமார் 6,000 அடி, அதாவது குன்னூர் அளவுதான். (இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் எதில் போனாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.)

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட இருக்கை வரிசைதான் முக்கியம். எமிரேட்ஸின் போயிங் 777இல் சாதாரண வகுப்பில் 3-4-3 என்று வரிசைக்குப் பத்துப் பேர். அதே 777இல் ஒன்பது பேரை உட்காரவைத்த நிறுவனங்கள் உண்டு. பத்தாக்கும்போது ஆளுக்கு ஓர் அங்குலத்துக்கும் மேல் குறைகிறது. ஏர்பஸ் ஏ330இல் பெரும்பாலும் 2-4-2. ஜன்னலோரம் கணவனும் மனைவியும் மட்டும். மூன்றாவது ஆள் கிடையாது.

இதன் அருமை நள்ளிரவில் தெரியும். மூவர் வரிசையில் ஜன்னலோரம் மாட்டிக்கொண்ட பெரியவர், கழிவறைக்குப் போக இரண்டு பேரை எழுப்ப வேண்டும். கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல், எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். கால் வீங்குகிறது, அசையாமல் இருந்தால் ரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு.

பிள்ளைகளே, டிக்கெட் போடும் பக்கத்திலேயே விமானத்தின் வகை இருக்கும், இருக்கை வரைபடமும் இருக்கும். கொஞ்சம் பணம் கூடினாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கையை முன்பே பதிவு செய்துவிடுங்கள்.