இடையன்குடிக் கோயிலில் வாசித்த சீட்டுகள்

இடையன்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மிஷனரி கால்டுவெல் ஐயர் நினைவுக்கு வருவார். எனக்கு முதலில் வருவது பதநீர் காயும் வாசனை. பங்குனி பிறந்தால் செம்மண் காட்டில், பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்கு விடிலி அடுப்பு புகையும். ஆண்கள் காலையும் மாலையும் அதே பனையில் ஏறிப் பாளை சீவி இறக்குவார்கள். பெண்கள் தாச்சியில் ஊற்றிக் காய்ச்சி, பாகு பதமானதும் சிரட்டையில் வார்ப்பார்கள். ஆவணியோடு பனை ஓய்ந்துவிடும். மிச்ச மாதங்கள் பெரும்பாலும் கடனில்தான் ஓடும். தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்ல நான் கற்றுக்கொண்டது இந்த ஊரில்தான்.

கோயிலும் அப்படிப்பட்ட நாட்களில் எழுந்ததுதான். 1841-இல் இங்கே வந்த கால்டுவெல் 1847-இல் வேலையைத் தொடங்கினார். பரிசுத்த திரித்துவ ஆலயம் பிரதிஷ்டையானது 1880-இல். முப்பத்து மூன்று வருஷம். கடைசி வருஷங்களில்தான் 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. பஞ்சம் முடிந்த கையோடு கூடி நின்று ஸ்தோத்திரம் சொன்னவர்களின் சந்ததியார்தான் நாங்கள். 1891-இல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லின் உடலையும் இங்கே கொண்டுவந்து, இதே கோயிலுக்குள்தான் அடக்கம் செய்தார்கள்.

ஞாயிறு ஆராதனையில் சிறுவர்களாகிய நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது அறிவிப்பு நேரத்துக்கு. ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டுகளைச் சபைப் போதகரான ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். சுகப்பிரசவம், மாடு கன்று ஈன்றது, மகன் பத்தாம் வகுப்பு தேறியது. காசில்லாதவர்கள் முட்டையோ முருங்கைக்காயோ சேவலோ கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் நடக்கும். ஊரில் யாருக்கு என்ன நடந்தது என்பது அந்தச் சீட்டுகளில் தெரிந்துவிடும்.

ஒரு வைகாசியில் எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அடக்கம் முடிந்து வந்த ஞாயிறன்று, ஆராதனைக்கு முன்னால் பெரியம்மை ஓலைப்பெட்டியோடு உபதேசியாரிடம் வந்தார். பெட்டி நிறையக் கருப்பட்டி, பெரியப்பா கடைசியாக இறக்கிய பதநீரில் காய்ச்சியது. விளிம்பில் சிரட்டையின் தடம் அப்படியே இருந்தது. பெரியம்மைக்கு எழுதத் தெரியாது. உபதேசியார் சீட்டை எடுத்துக்கொண்டு தயங்கினார்.

“என்ன காரியம்னு எழுதட்டும், அம்மா?”

“இத்தன வருஷம் அவரை எனக்குத் தந்தாருல்லா ஐயா, அதுக்குன்னு எழுதுங்க.”

அப்படியே எழுதினார். ஐயர் வாசித்தபோது கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. பெரியம்மை பாயில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். அழுகையையும் ஸ்தோத்திரத்தையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் தேவனிடம் கொண்டுபோகலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் ‘எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’ என்ற வசனத்தைப் பிற்பாடு எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். பெரியம்மையைப் போல அதை எனக்கு விளங்க வைத்தவர் வேறு யாருமில்லை. துக்கம் நல்லது என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சாவுக்காகவும் நன்றி சொல்லவில்லை. துக்கத்துக்குள்ளே நின்றுகொண்டு, வாங்கியதை மறக்காமல் சொன்னார். கிறிஸ்தவ நன்றி என்று நான் நம்புவது இதைத்தான்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையிலும் அப்படித்தான். மழை பொய்த்த வருஷமானாலும், பனையில் பாளை சரியாக வராத வருஷமானாலும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது எழுந்து ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள்.

இன்றைக்கு நகரத்துச் சபைகளில் வாசிக்கப்படும் சீட்டுகளையும் கேட்கிறேன். விசா, புது வீடு, பதவி உயர்வு. நல்லதுதான், சொல்லட்டும். ஆனால் வேலை போனவரின் சீட்டு, ஆபரேஷன் பலிக்காத வீட்டின் சீட்டு எங்கே? கெட்ட வருஷம் வந்தவர்கள் கடைசி வரிசையில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். தோற்றவர்களுக்கு அங்கே சொல்ல ஒன்றுமில்லை என்று நாமே ஆக்கிவிட்டோம். இது எனக்கு மெய்யாகவே வலிக்கிறது.

இந்த வருஷம் உங்களுக்கு மோசமாகப் போயிருந்தால், தயவுசெய்து நீங்களும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் ஐயர் அதைச் சபைக்கு முன்னால் வாசிக்கட்டும்.