சறுக்கோட்டமும் மனப்பாரமும்

மோட்டார் வண்டி ஓட்டப் பழகுகிறவனுக்கு முதலிற் சொல்லப்படும் புத்தி, வண்டியைச் சறுக்கவிடாதே என்பது. மழை பெய்த வீதியிலே பின்சில்லு ஒரு சாண் விலகினாலும் நம்மவர்க்கு நெஞ்சு பதைக்கும். அந்தச் சறுக்கலையே வேண்டுமென்று உண்டாக்கி, வண்டியைக் குறுக்காகத் திருப்பியபடியே வளைவு முழுவதையும் கடந்து செல்வது இன்று பல நாடுகளில் ஒரு போட்டி விளையாட்டாக நடைபெறுகின்றது. 'டிரிப்ட்' என்பது அதன் பெயர். சறுக்கோட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அதன் பிறப்பிடம் யப்பான். 1961இல் மேற்கு யேர்மனியிலே மோட்டார்ச் சைக்கிள் உலகப் பந்தயமொன்றில் வென்ற குனிமிட்சு தக்காகாஷி என்பவர், பின்னர் கார்ப் பந்தயத்துக்கு வந்து, 1970களில் வளைவுகளைச் சறுக்கியே கடந்து காட்டினார். அதிலே மனத்தைப் பறிகொடுத்த கெயிச்சி சுச்சியா என்னும் இளைஞர் மலைப்பாதைகளிற் பழகி அதனை ஒரு கலையாக்கினார். 2001இல் அதற்கெனத் தொழில்முறைத் தொடர்போட்டியும் அங்கே தொடங்கிற்று. புகழும் பணமும் பெற்றவர்களைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. ஓய்வுநாட்களிலே தம் கைக்காசைச் செலவிட்டுப் போட்டியிடும் சாதாரண மனிதரே என்னைச் சிந்திக்க வைத்தவர்கள். அவர்களுள் ஒருவன் என் பழைய மாணாக்கன்.

அவன் யப்பானிலே ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கிறான். பழைய நிஸ்ஸான் சில்வியா வண்டியொன்றை வாங்கித் தானே திருத்தி வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு அவனுடைய தந்தையார் என்னிடம் வந்து, "மாஸ்டர், நீங்கள் எழுதினால் அவன் கேட்பான். இதை விட்டுவிடச் சொல்லுங்கோ" என்றார். உயிராபத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. போட்டி நெருங்கும் கிழமைகளிலே மகனுக்கு ஊணும் இல்லை, உறக்கமும் இல்லை; தொலைபேசியிற் பேசினாலும் மனம் வேறெங்கோ இருக்கிறது என்பதே அவர் கவலை.

விடச் சொல்லுமுன், என்னதான் நிகழ்கிறது என்று அவனிடமே கேட்டெழுதினேன். அவன் எழுதிய விடையில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்திற்று. "பயிற்சியிலே குறையில்லை, சேர். போட்டியில் என் இலக்கத்தைக் கூப்பிட்டவுடன் வலக்கால் என் சொற் கேட்பதில்லை."

பௌதிகம் கற்பிப்பவனுக்கு இதன் பொருள் விளங்கும். எஞ்சினின் விசையினாற் பின்சில்லுகள் தரையின் பிடியை மீறிச் சுழல்கின்றன. முன்சில்லுகளைச் சறுக்கும் திசைக்கே திருப்பி வைத்திருக்கிறான் சாரதி. அந்நிலையில் அஞ்சி அக்சிலேற்றரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பின்சில்லுகள் மீண்டும் தரையைப் பற்றிக்கொள்ள, வண்டி எதிர்ப்புறமாகப் பாயும். எடு என்று உடம்பு சொல்லுகிறது, எடுத்தாலோ ஆபத்து. இயல்பான அச்சத்துக்கு எதிராகக் காலை வைத்திருப்பதே இவ்வித்தையின் பாதி.

மற்றப் பாதி, பிறர் கண். சாதாரணப் பந்தயத்திலே கடிகாரம் நடுவராயிருக்கும். அது யாரையும் வெறுப்பதுமில்லை, மெச்சுவதுமில்லை. இங்கோ வண்டி சென்ற வழி, சறுக்கிய கோணம், ஓட்டத்தின் பாணி ஆகியவற்றை நடுவர்கள் பார்த்துப் புள்ளியிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு தனியோட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடங்கூட நீடிப்பதில்லை. மாதக்கணக்கான உழைப்பு அந்தச் சில கணங்களில் அளக்கப்படுகின்றது. அதிலே தேறியவர்கள் பின்னர் இருவர் இருவராக ஓட வேண்டும். பின்தொடர்பவன் முன்வண்டியை உரசுமளவுக்கு நெருங்கிச் சறுக்க வேண்டும். முன்னவன் சிறிது தடுமாறினாலும் மோதல்தான். மோதப்படுவதும் ஒரு சம்பளக்காரனின் சேமிப்பல்லவா? ஆயினும் பின்தொடர்வதிலும் முன்செல்வதே கடினம் என்று எழுதியிருந்தான். பின்னால் வருபவனைக் கண்ணாடியிற் பார்க்கத் தொடங்கினால் தன் வழி மறந்து போகுமாம்.

இப்படியான மாணவரை நான் ஆய்வுகூடத்திற் கண்டிருக்கிறேன். வேர்ணியர் இடுக்கியை வகுப்பிலே கண்மூடித்தனமாகவே சரியாக வாசிப்பான். பரீட்சகர் அருகில் வந்து நின்றதும் அதே அளவை ஐந்து முறை வாசித்து ஐந்து விடை எழுதுவான். 1908இல் அமெரிக்கரான யேர்க்ஸ், டொட்சன் என்னும் இருவர் எலிகளை வைத்து ஆராய்ந்தனர். கடினமான பாடத்திலே தூண்டுதல் ஓரளவு வரை நன்மை செய்யும். மிகுந்தாற் கெடுக்கும் எனக் கண்டனர். (அவ்வெலிகளும் யப்பானிய நடன எலிகள் என்பது ஒரு வேடிக்கை.) 1984இல் உளவியலாளர் பௌமைஸ்ரர், நெருக்கடியிலே ஒருவன் தன் செயலையே தான் உற்றுக் கவனிக்கத் தொடங்குவதால் பழகிய கை குழம்புகிறது என்று எழுதினார். என் மாணாக்கனின் கால் செய்ததும் அதுவே என்பது என் எண்ணம். தைரியமில்லாதவன் அவன் என்று நான் நினைக்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விடச் சொல்லி நான் எழுதவில்லை. தந்தையாருக்கு அதிலே சிறிது மனத்தாங்கல். எழுதியவை இரண்டு. சறுக்கும் வண்டியிலே சாரதி முன்கண்ணாடியை விட்டுப் பக்கக் கண்ணாடியினூடாகத் தான் போகவேண்டிய இடத்தைப் பார்க்கிறான் என்று அவனே சொல்லியிருந்தான். ஆகவே ஓட்டத்துக்கு முன் காலை மறந்து, பாதையிலுள்ள அடையாளக் கூம்புகளை மட்டும் வாய்விட்டு எண்ணச் சொன்னேன். மற்றது, முன்னிரவு உறங்காவிட்டால் வண்டியில் ஏறக்கூடாது என்ற நிபந்தனை. இரண்டாவதற்கு ஒப்புக்கொள்ள அவனுக்கு ஒரு மாதம் சென்றது. ஒரு போட்டியை அதற்காகவே விட்டுக்கொடுத்தான். கட்டிய பணமும் போயிற்று.

இவ்வாண்டு இளவேனிலிற் கலந்துகொண்டான். முதலோட்டத்தில் இரண்டாவது கூம்பருகே கால் எழுந்துவிட்டது, வண்டி நிமிர்ந்தது, புள்ளியில்லை. இரண்டாவது ஓட்டத்தை முழுமையாக முடித்தான். தேறியோர் பட்டியலிற் பெயர் இல்லை. அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டதாகவும், அடுத்த போட்டிக்குப் பின்ரயர் நான்கு வேண்டுமென்பதால் இப்போது சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறான்.