தாத்தா சொன்னது புளுகா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா, நேயர்களே? போயிருந்தால் கிளியனூரைக் கட்டாயம் தாண்டியிருப்பீர்கள். தாண்டியதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். அது உங்கள் குற்றமல்ல. ஜன்னலோரம் தலை சாய்த்துக் கண்ணயர்வதற்கு ஏற்ற இடத்தில்தான் எங்கள் ஊர் அமைந்திருக்கிறது!

அந்த ஊரில் என் தாத்தாவுக்கு ஒரு பட்டப் பெயர் இருந்தது. "கப்பல் புளுகர்" என்பார்கள். அவரை நான் பார்த்ததில்லை; நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1971-ல் காலமாகிவிட்டார். ஆனால் அந்தப் பட்டப் பெயர் மட்டும் வீட்டு ஓட்டைப் போல, மரப் பீரோவைப் போலப் பரம்பரைச் சொத்தாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. சின்ன வயதில் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டால் போதும், "புளுகர் பேத்தி அல்லவா?" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். (பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகு இதைச் சொல்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அது வேறு விஷயம்.)

தாத்தா 1936-ஆம் வருஷம், தம்முடைய 18-ஆவது வயதில், இந்தோ-சீனாவுக்குக் கப்பலேறினார். இன்றைய வியட்நாம் அதில் அடங்கியிருந்தது. அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி. புதுச்சேரியும் அவர்கள் கையில் இருந்ததால், அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சைகோன் என்பது அடுத்த தெரு மாதிரி. சர்க்கார் உத்தியோகத்துக்குப் போன புதுவைக்காரர்கள், வட்டிக் கடை வைத்த செட்டியார்கள், ஜவுளிக் கடை வைத்த தமிழ் முஸ்லிம்கள் என்று அங்கே நம்மவர்கள் ஏராளம். சைகோனில் இன்றைக்கும் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. கிளியனூர் என்னவோ பிரிட்டிஷ் சீமைதான். ஆனால் பிரெஞ்சு எல்லை பக்கத்திலேயே. தாத்தா ஒரு ஜவுளிக் கடை முதலாளியைப் பிடித்துக்கொண்டு, சைகோனையும் தாண்டி வடக்கே ஹானோய் நகரத்துக்கே போய்விட்டார். ஹாங் தாவ் என்ற பட்டுத் தெருவில் கணக்கெழுதும் வேலை. நடுவில் 1948-ல் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போனார். 1954-ல் ஜினீவா உடன்பாட்டின்படி அந்த நாடு இரண்டாகப் பிரிந்தது. கடையை மூடினார்கள். தாத்தா ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, ஒரு மூட்டைக் கதைகள் ஆகியவற்றுடன் ஊர் வந்து சேர்ந்தார்.

கதைகளில்தான் வினையே. கடைப் பாக்கி வசூலிக்க ஒரு சமயம் ஹோன் காய் என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் போனாராம். அங்கே முதலாளி ஒரு படகை அமர்த்திக் கடலைச் சுற்றிக் காட்டினாராம். அந்தக் கடலில் அலையே கிடையாதாம். தண்ணீருக்கு நடுவே ஆயிரம் மலைகள் நிற்கின்றனவாம். இரண்டு பாறைகள் சண்டைச் சேவல்கள் போல் மூக்கோடு மூக்கு பார்த்துக்கொண்டிருக்குமாம். ஒரு மலைக்குள்ளே மண்டபம். நம் ஊர்த் தேர் உள்ளே போய்த் திரும்பலாமாம். இன்னொரு மலையின் அடியில் ஒரு பொந்து. படகு அதற்குள் நுழைந்து அப்பால் வந்தால் ஒரு குளம், சுற்றிலும் மலை, வந்த வழியைத் தவிர வேறு வழியே இல்லையாம். அந்தக் குளத்தில் தாத்தா இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தினாராம்!

மாசி மகத்துக்குக் கடலுக்குப் போய், அலையில் புரண்டு, மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி வந்தவர்கள் கிளியனூர்க்காரர்கள். அவர்களிடம் போய் அலையில்லாத கடல் என்றால்?

தாத்தாவின் மூத்த பெண், என் அத்தை, அப்போது எட்டு வயதுச் சிறுமி. அப்பா சொன்ன கடலைப் பற்றி வகுப்பில் எழுந்து நின்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. சாயங்காலத்துக்குள் ஊர் சிரித்தது. மறுநாள் டீக்கடையில் தாத்தாவின் காதுபடவே, "என்னங்க, அலையை மூட்டை கட்டிக் கொண்டாந்துட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டாராம். அன்றோடு சரி. அதற்குப் பிறகு பதினாலு வருஷம் இருந்த தாத்தா, அந்தக் கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் வாயைத் தொறந்திருக்கக் கூடாது கண்ணு" என்று அத்தை எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். "அப்பா சொன்னது நெசமா பொய்யான்னு எனக்கே தெரியாது. ஆனா அவர் பேச்சை நிறுத்தினவ நான்தான்."

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, வியட்நாம் போய்வந்த சிநேகிதி ஒருத்தி கொடுத்த நோட்டு ஒன்று என் பையில் இருந்தது. 2,00,000 டோங் நோட்டு. லட்சம் என்றதும் மலைத்துவிடாதீர்கள். நம் பணத்தில் 600 ரூபாய்ச் சொச்சம்தான்! அதன் பின்புறத்தில் தண்ணீரில் நிற்கும் தூபக்கால் போன்ற ஒரு பாறையின் படம். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஏரியா?"

"கடல் அத்தை. ஹாலாங் என்று ஒரு விரிகுடா."

"அலை எங்கே?"

நான் பதில் சொல்வதற்குள் நோட்டு அவள் கையில் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் என்ன? "எழுபத்தாறு வயசுல படகுப் பிரயாணமா?" என்று என் அப்பா குதித்தார். குதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. 2025 ஜூலையில் அதே விரிகுடாவில் திடீர்ப் புயற்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 30-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த செய்தியை நாம் எல்லோருமே படித்தோம். ஆகையால் மழையும் புயலும் ஓய்கிற நவம்பர் மாதமாகப் பார்த்துப் புறப்பட்டோம். வானிலை சரியில்லை என்றால் படகு கிளம்பாது, கட்டிய பணத்துக்காக நாங்களும் முண்ட மாட்டோம் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்தேன். விசா விண்ணப்பத்தை வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் போட்டு முடித்தாயிற்று. அத்தையின் பெட்டியில் நாலு புடவை, திருநீறு, பருப்புப் பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல்.

ஹானோயிலிருந்து ஹாலாங் நகரம் சுமார் 160 கிலோமீட்டர், நல்ல சாலை. தாத்தா பாக்கி வசூலிக்கப் போன ஹோன் காய் இப்போது அந்த நகரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. மூன்று பகல், இரண்டு இரவு படகிலேயே வாசம். படகு என்று நான் சொல்வது இரண்டு மாடி வீடு. அறை, கட்டில், குளியலறை, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் உண்டு. புடவைக்கு மேல் ஆரஞ்சு வர்ணத்தில் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு அத்தை மேல்தட்டில் உட்கார்ந்த காட்சியைப் படம் எடுத்திருக்கிறேன். பிரசுரித்தால் என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள்.

படகு கரையை விட்டு நகர்ந்தது. அத்தை கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்த தம்ளரில் காப்பி அசையவில்லை. அலை இல்லை, நேயர்களே! எங்கிருந்து வரும்? இந்த விரிகுடாவில் 1,969 தீவுகள் என்று கணக்கு. திறந்த கடலிலிருந்து வரும் அலையெல்லாம் அவற்றில் மோதி வெளியிலேயே அடங்கிவிடுகிறது. ஹாலாங் என்றால் இறங்கி வந்த டிராகன் என்று பொருள். எதிரிகளின் கப்பல்களைத் தடுக்க வானத்திலிருந்து இறங்கிய டிராகன் துப்பிய முத்துக்களே இந்தத் தீவுகள் என்பது அவர்கள் புராணம். 1994-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. 2023-ல் பக்கத்திலிருக்கும் காட் பா தீவுக் கூட்டத்தையும் இதனுடன் சேர்த்துவிட்டார்கள்.

வழிகாட்டிப் பையன் இவையெல்லாம் சுண்ணாம்புக் கல் என்றும், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த சிப்பியும் சிற்றுயிர்க் கூடுகளுமே இறுகி இப்படிக் கல்லாயின என்றும் விளக்கினான். அத்தை சற்றும் அசரவில்லை. "எங்க ஊர்ப் பக்கம் திருவக்கரையிலே மரமே கல்லாக் கெடக்குதுன்னு சொல்லு" என்றாள். மொழிபெயர்த்தேன். அவன்தான் அசந்து போனான்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு கூத்து. அத்தை வள்ளலார் வழி. மீன், கறி தொடமாட்டாள். அந்த நாட்டிலோ கீரையில்கூட மீன் சாறு ஊற்றுகிறார்கள். ஆனால் பௌத்தர்கள் பலர் மாதத்தில் இரண்டு நாள் மரக்கறி உணவு உண்கிற வழக்கம் இருப்பதால் அதற்கென்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: "சாய்". பரிமாறுகிற பெண் வந்து, "சாய்? சாய்?" என்று கேட்டதும் அத்தை, "இந்நேரத்துக்கு டீ எதுக்கு, வேணாம்மா" என்று தலையாட்டிவிட்டாள். வந்தது ஒரு தட்டு நிறைய இறால்! நான் ஓடிப் போய் விஷயத்தைச் சரி செய்தேன். நீங்கள் போனால் இந்த ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

வெளியே எட்டிப் பார்த்தால் சேவல் பாறைகள்! இரண்டு கல், அலகோடு அலகு. அத்தை ஒன்றும் பேசவில்லை. ஒரு விரலை மடக்கிக்கொண்டாள். அலைக்கு ஒன்று ஏற்கெனவே மடங்கியிருந்தது.

சாயங்காலம் சுங் ஸோட் குகை. 1901-ல் பிரெஞ்சுக்காரர்கள் கண்டு, "ஆச்சரியங்களின் குகை" என்று பெயர் வைத்தார்களாம். படிகள் அதிகம், முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து ஏறவும். அத்தை பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றாள், ஆனால் திரும்பவில்லை. வாசல் குறுகல். முதல் கூடம் சுமார். "இவ்வளவுதானா?" என்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. அதைத் தாண்டி இன்னொரு கூடத்துக்குள் திரும்பினோமோ இல்லையோ, அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுமார் 10,000 சதுர மீட்டர் பரப்பு, 30 மீட்டர் உயரம் என்கிறார்கள். மேலிருந்து சுண்ணக்கல் விழுதுகள் தொங்குகின்றன. மழைத் தண்ணீர் பாறையைக் கரைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கிச் செய்த வேலை. எங்கள் மாவட்டத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் கோயில் குடைந்தான் என்று கல்வெட்டு இருக்கிறது. இங்கே உளிகூட இல்லை! (பச்சை, ஊதா விளக்குகளைப் போட்டு அதைக் கல்யாணப் பந்தலாக்கி வைத்திருப்பது என் மனத்துக்குப் பிடிக்கவில்லை.)

"தேர் திரும்புமா அத்தை?"

"ரெண்டு தேர் திரும்பும்" என்றாள். மூன்றாவது விரல் மடங்கியது.

இரவு வெகு நேரம் அவள் தூங்கவில்லை. பாக்கி இருந்தது பொந்து. அது இல்லாமல் போய்விட்டால்? எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இடிந்திருந்தால்?

மறுநாள் காலை ஹாங் லுவோன் என்ற இடத்துக்குப் போனோம். அங்கே இரண்டு வகைத் தோணிகள். ஒன்று பெண்கள் துடுப்புப் போடும் மூங்கில் படகு. மற்றது கயாக் என்கிற இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் தோணி. அத்தையை மூங்கில் படகில் ஏற்றிவிட்டு, நான் வீராவேசத்துடன் கயாக்கில் குதித்தேன். எனக்குக் கூட்டாளி ஒரு ஆஸ்திரேலிய மாது. அவர் வலப்புறம் தள்ள, நானும் வலப்புறம் தள்ள, தோணி ஒரே இடத்தில் செக்குமாடு போல் சுற்றியது. நிமிர்ந்து பார்க்கிறேன்; எதிரே மலையடியில், தண்ணீரை ஒட்டி, ஒரு பொந்து. தலையைக் குனிந்தால்தான் போகலாம் போன்ற பொந்து. அத்தையின் படகு அதற்குள் நுழைந்துகொண்டிருந்தது!

அடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை பாறையில் முட்டி, ஒரு வழியாக நானும் மறுபக்கம் வந்து சேர்ந்தேன். பச்சைக் குளம். சுற்றிலும் செங்குத்தான மலை. மேலே வட்டமாக ஒரு துண்டு வானம். வேறு வழி இல்லை.

அத்தை அழுதுகொண்டிருந்தாள். துடுப்புப் போடும் பெண் பயந்துபோய் எங்கள் வழிகாட்டியைக் கூப்பிட்டாள். நான் அவனிடம் தாத்தா கதையைச் சொன்னேன். அவன் அவளிடம் சொன்னான். அந்தப் பெண் தானும் இந்தக் கடலில் மிதக்கும் மீனவர் கிராமத்தில் பிறந்தவள்தான். 2014 வாக்கில் அந்தக் கிராமத்தாரைக் கரையில் குடியேற்றிவிட்டார்கள். கதையைக் கேட்டு முடித்ததும் அவள் துடுப்பைப் படகுக்குள் வைத்துவிட்டாள். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. அவள் அவசரப்படவில்லை. தண்ணீர் சொட்டும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அத்தை குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள், தர்ப்பணம் கொடுத்து எழுந்தவளைப் போல.

மாலையில் டீ டோப் என்ற சின்னத் தீவு. 1962-ல் இங்கே வந்த ரஷ்ய விண்வெளி வீரர் டிடோவின் பெயரை ஹோ சி மின் இதற்கு வைத்தார். பிறை போன்ற மணல் கரை. உச்சிக்கு 400-க்கு மேல் படிகள். நான் ஏறி இறங்கி வந்தபோது, அத்தை மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, என் டெலிபோனில் கிளியனூருடன் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவளுடைய பால்ய சிநேகிதி. அன்றைக்கு வகுப்பில் முதலில் சிரித்தவள் அந்த அம்மாள்தான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"நல்லாப் பாருடி. மலை தெரியுதா?"

"தெரியுது."

"கடல் தெரியுதா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் அந்தக் கிழவியின் குரல் மெதுவாக வந்தது. "ஏண்டி, அலை எங்கே?"

அத்தை டெலிபோனைத் தண்ணீரின் பக்கம் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்து என்னிடம் கொடுத்தபோது அவள் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு இருந்தது.

"எல்லாம் நெசந்தான் கண்ணு. ஆனா அந்தக் குளத்துல நீந்தினேன்னு சொன்னாரு பாரு, அது மட்டும் சுத்தப் புளுகு. எங்கப்பா கெணத்துல ரெண்டாவது படிக்குக் கீழே எறங்க மாட்டாரு!"